மரம்போல் ஒரு கான்கிரீட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் குடும்பத்தோடு அமெரிக்கத் தேசியப் பூங்காக்களான யோசமிட்டிக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் போய்வந்தோம். யோசமிட்டியில் அவானி ஹோட்டலின் வெளிப்புற மர உத்திரங்களை ரசித்துக்கொண்டிருந்தேன். தட்டிப் பார்த்தால் கான்கிரீட்! கிராண்ட் கேன்யனில் ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் என்று ஒரு கல் வீடு. யாரோ ஒரு மலைவாசி தன் கையால் கட்டிக்கொண்டது மாதிரி இருக்கிறது. விசாரித்தால், 1914இல் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டியது, அப்போதே கரி பூசிப் பழசாக்கினார்கள் என்கிறார்கள். இதெல்லாம் சினிமா செட் இல்லையா? வரலாற்றுச் சின்னம் என்ற மரியாதை எதற்கு? 2025இல் காட்டுத்தீயில் எரிந்துபோன கிராண்ட் கேன்யன் வடக்கு விளிம்பு விடுதியையும் இதே பாணியில்தான் திரும்பக் கட்ட வேண்டுமா?

வி.

அன்புள்ள வி.,

அவானி 1927இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் கில்பர்ட் ஸ்டான்லி அண்டர்வுட். காட்டுக்கு நடுவே மரத்தில் அவ்வளவு பெரிய ஹோட்டலைக் கட்டினால் தீப்பிடிக்கும் என்ற பயம் நியாயமானது. அதனால் கான்கிரீட். பொதுவாகச் சென்ட்ரிங் பலகையின் தடம் தெரிந்தால் மேலே பூசி மறைத்துவிடுவார்கள். அங்கே இழைக்காத சொரசொரப்பான பலகையைத் தேடி அச்சாக வைத்து, அதன் ரேகை கான்கிரீட்டில் பதியும்படி வார்த்து, ரெட்வுட் மரத்தின் நிறம் ஏற்றினார்கள். பின்னால் நிற்பது ஆயிரக்கணக்கான அடி உயரக் கருங்கல் பாறை. அதன் முன்னால் வெள்ளையாக ஒரு கட்டடம் நின்றால் பார்ப்பவர் கண் முதலில் கட்டடத்துக்குத்தான் போகும். அது நடக்கக்கூடாது என்பதற்காகச் செய்த வேலை இது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுற்றியுள்ள இயற்கையோடு கட்டடத்தை ஒன்றவைக்கும் இந்தப் பாணியில் நிஜ மரமும் உண்டு. அடுத்த முறை எல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போங்கள். அங்கே ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் என்ற ஹோட்டல், 1903–04இல் கட்டியது. வடிவமைத்த ராபர்ட் ரீமருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வட்டாரத்துப் பைன் மரங்கள், அங்கேயே வெட்டிய கல். முறுக்கிக்கொண்டு வளர்ந்த கிளைகளைக் கழித்துப் போடாமல், பொறுக்கியெடுத்து மாடிக் கைப்பிடிகளுக்கும் தாங்குகட்டைகளுக்கும் பொருத்தியிருக்கிறார்கள். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை எழுபது அடிக்கும் மேலே இருக்கிறது. பணம் போட்டது ரயில்வே கம்பெனி, வியாபாரம்தான் நோக்கம். சரி, அதனால் தச்சரின் வேலை மட்டமாகிவிடுமா?

ஹெர்மிட்ஸ் ரெஸ்டை வடிவமைத்த மேரி கோல்ட்டர் விஷயத்தில் உங்கள் குற்றச்சாட்டுக்குப் பாதி வலு உண்டு. அங்கே அவர் வேண்டுமென்றேதான் கரி பூசினார், மறைக்கவும் இல்லை. பழசாகக் காட்ட எவ்வளவு செலவாயிற்று தெரியுமா என்று பெருமையாகவே கேட்டாராம். என்னை உறுத்துவது வேறு. 1905இல் அவர் ஹோப்பி பழங்குடியினரின் ஓராய்பி கிராமத்து வீடுகளைப் பார்த்துக் கிராண்ட் கேன்யனில் கட்டிய ஹோப்பி ஹவுஸில், அந்த மக்களையே குடிவைத்து, அவர்கள் நெய்வதையும் வனைவதையும் பயணிகளுக்குக் காட்சியாக்கினார்கள். செட் என்ற சொல்லை அங்கே வைத்துச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதே கோல்ட்டர் 1935இல் அங்கேயே பிரைட் ஏஞ்சல் லாட்ஜ் என்ற விடுதியில் கட்டிய கணப்பைப் பார்த்தீர்களா? அடியில் கொலராடோ ஆறு உருட்டி வழவழப்பாக்கிய கற்கள். அதற்கு மேலே, பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் கற்கள். உச்சியில், நீங்கள் விளிம்பில் மிதித்து நின்றீர்களே, அந்தக் கைபாப் சுண்ணாம்புக்கல். பூங்காவின் இயற்கையியலாளரிடம் கேட்டுச் சரிபார்த்து அடுக்கியது. ஒரு மைல் ஆழத்தைக் குளிர்காய உட்காரும் இடத்திலேயே படித்துவிடலாம்.

இன்னொன்றும் உண்டு, உங்கள் கடிதத்தில் அது வரவேயில்லை. 1933 முதல் 1942 வரை, பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் நின்ற இளைஞர்களைச் சிசிசி (சிவிலியன் கன்சர்வேஷன் கோர்) என்ற அரசு வேலைப் படையில் சேர்த்துப் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். மாதம் 30 டாலர், அதில் 25 வரை வீட்டுக்குப் போய்விடும். தடுப்புச் சுவர், பாலம், காவலர் குடில் என்று அவர்கள் கட்டியவை இன்றும் நிற்கின்றன. பூங்காக் கட்டடங்களுக்காக ஆல்பர்ட் குட் தொகுத்த வழிகாட்டி நூல் ஒன்று அப்போது புழக்கத்தில் இருந்தது. கல்லைச் செங்கல் மாதிரி வரிசை பிடிக்காதே, பூமியில் கிடந்த வாக்கிலேயே படுக்க வை, வெயில் மழை பட்ட முகம் வெளியே தெரியட்டும் என்கிற மாதிரி யோசனைகள். அடுத்த முறை அந்தச் சுவர் ஒன்றின் அருகே நின்று இணைப்புகளைப் பாருங்கள். எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று ஒருவர் யோசித்தது தெரியும். போருக்குப் பிறகு அவ்வளவு ஆட்களும் இல்லை, கூலியும் ஏறிவிட்டது. 1956இல் பூங்காக்களைப் புதுப்பிக்க மிஷன் 66 திட்டம் வந்ததும் தட்டைக் கூரை, கண்ணாடி, எஃகு என்று பாணி மாறியது.

கடைசியாக வடக்கு விளிம்பு. 1928இல் அண்டர்வுட் கட்டிய விடுதி 1932இலேயே எரிந்துவிட்டது. மிஞ்சிய கல் வேலையை வைத்து, பனி வழிய வசதியாகக் கூரையைச் செங்குத்தாக்கி, 1937இல் திரும்ப எழுப்பினார்கள். 2025 ஜூலையில் எரிந்தது அந்த இரண்டாவது கட்டடம். ஆகவே அச்சு அசலாகக் கட்டச் சொல்லி யாரும் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. தாங்கக்கூடிய கற்சுவர்களை வைத்துக்கொள்ளட்டும். கூரையைத் தாங்க எஃகோ கான்கிரீட்டோ போடட்டும், அவானியில் அண்டர்வுட்டே செய்ததுதானே. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது என்பேன்: எரிந்த விடுதியில் வாசலில் நுழைந்ததும் பள்ளத்தாக்கு தெரியாது. உள்ளே வந்து, படியிறங்கி, பெரிய ஜன்னல்களின் முன்னால் வந்த பிறகுதான் மொத்தமும் கண்ணில் படும். புது வரைபடம் வரும்போது நான் முதலில் தேடப்போவது அந்தப் படிகளைத்தான்.

அன்புடன்.