ஆட்கள் நிறைந்த படகு எதிர்ப்பட்டால் உடனே பக்கத்தில் போய் ஒட்டி நிறுத்தாதீர்கள்

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறோம். பத்து நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போகும்போது, எஞ்சின் நின்று அகதிகளோடு மிதக்கும் படகு எதிர்ப்பட்டால் ஏற்றிக்கொண்டு வரலாமா? ஆள்கடத்தல் கேஸ் ஆகிவிடாதா? கடற்படைக்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் லாஞ்சை, அதாவது உங்கள் விசைப்படகை, நேரே கொண்டுபோய் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்திவிடாதீர்கள். உதவி வந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவார்கள். அந்தப் பாரத்திலேயே படகு கவிழும்.

2015 ஆகஸ்ட் 5 அன்று லிபியாவுக்கு அப்பால் அயர்லாந்துக் கடற்படையின் 'நீவ்' கப்பலுக்கு இதுதான் நேர்ந்தது. அதன் சிறு ரப்பர் படகுகள் நெருங்கும்போதே அகதிகள் படகு புரண்டது. 360க்கும் மேற்பட்டோரை மீட்டார்கள், 25 சடலங்களை எடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை.

அதனால் கடற்படைக் கப்பல் எட்டவே நிற்கும். சிறு படகு மட்டும், பக்கவாட்டில் போகாமல், அணியம் (படகின் முன்பக்கம்) அல்லது பின்பக்கமாக நெருங்கும். முதலில் கையால் சைகை காட்டி எல்லோரையும் உட்காரவைப்பார்கள். அடுத்து லைஃப் ஜாக்கெட். எல்லோரும் போட்டுக்கொண்ட பிறகுதான் ஆளை ஏற்றுவது.

உங்களிடம் அவ்வளவு ஜாக்கெட் இருக்காது. 200 மீட்டராவது தள்ளி, காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். வலை மிதவைகளையும் மூடி இறுக்கிய காலி கேன்களையும் நீளக் கயிற்றில் கட்டி விட்டால் காற்றே அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். தண்ணீர் கேனையும் அப்படியே அனுப்பலாம், முழுக்க நிரப்பாமல். கயிறு கட்டி இழுக்க வேண்டாம். பாரம் ஏறிய படகை இழுத்தால் அணியம் வழியாகத் தண்ணீர் ஏறும்.

இதற்கெல்லாம் முன்பே, பார்த்த நிமிடமே மைக்கை எடுங்கள். விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் 'மேடே ரிலே' என்று மூன்று முறை சொல்லுங்கள். 'மேடே' என்பது ஆபத்து அழைப்பு. ஆபத்து உங்களுக்கு அல்ல, வேறொரு படகுக்கு என்பதை அந்த 'ரிலே'தான் சொல்கிறது. பிறகு உங்கள் படகு எண், ஜிபிஎஸ் காட்டும் இடம், உத்தேசமாக எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, தண்ணீர் ஏறுகிறதா. கரை எட்டாவிட்டால், எண்ணூர் பக்கம் போகும் சரக்குக் கப்பல் ஏதாவது கேட்டு சென்னையிலுள்ள கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் சொல்லும். செல்போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு அழையுங்கள். ஆபத்துச் செய்தியைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும், இஸ்ரோ உருவாக்கிய டேட் கருவி இருந்தால் அதையும் அழுத்துங்கள். பழைய மாடலில் பதில் வராது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் பலர் தடுமாறுவது அதனால்தான். புதியதில் பதில் வரும்.

கேஸ் விஷயம். ஆபத்திலிருப்பவருக்கு, தன் படகுக்குப் பெரிய ஆபத்தில்லாத வரை உதவ வேண்டும் என்பது ஐ.நா. கடல் சட்டத்தின் 98ஆம் பிரிவு. ஆள்கடத்தலை வரையறுக்கும் ஐ.நா. நெறிமுறையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. பணமோ வேறு லாபமோ பெறுவதற்காகச் செய்வதுதான் அதன்படி கடத்தல். அதற்காக அலைச்சலே இருக்காது என்று சொல்ல மாட்டோம். 2007இல் 44 பேரைக் காப்பாற்றி இத்தாலியின் லம்பேடுசா தீவுக்குக் கொண்டுபோன துனீசிய மீனவர்களை இத்தாலி கைது செய்தது. இரண்டு கேப்டன்கள் முழுதாக விடுதலையாக 2011 ஆயிற்று. உங்களுக்குப் பாதுகாப்பு பதிவுதான்: கூப்பிட்ட நேரம், இடம், யார் என்ன உத்தரவு தந்தார்கள், எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். தூரத்திலிருந்தே வீடியோ எடுங்கள். யாரிடமும் பணம், நகை வாங்காதீர்கள், அன்பளிப்பாகத் தந்தாலும்.

படகு மூழ்கப்போகிறது, காவல்படை வர நேரமாகும் என்றால் மட்டும் ஏற்றுங்கள், ஒவ்வொருவராக. மேல்தட்டில் உட்காரவையுங்கள், மீன் அறைக்குள் இறக்கவே கூடாது, அங்கே விஷவாயு தேங்கியிருக்கும். எவ்வளவு பேர் என்பதை லாஞ்சே சொல்லிவிடும்: ஒரு பக்கம் சாய்ந்து நிமிர வழக்கத்தைவிட நேரமெடுத்தால் அதோடு நிறுத்துங்கள்.

ஏறியவர்களின் துணியில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். கேனிலிருந்து கொட்டிய பெட்ரோல் கடல்நீரோடு கலந்து அடித்தட்டில் நிற்கும். அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தோல் வெந்துபோகும். துணியைக் கழற்றி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு வேண்டாம். குடிக்க மடக்கு மடக்காக மட்டும். பிறகு காசிமேட்டுக்கு நீங்களாகத் திரும்பாமல், எங்கே ஒப்படைப்பது என்று மையத்தைக் கேட்டுக்கொண்டு நகருங்கள்.