பழைய எண், புதிய எண்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் படிப்பகத்தின் பழைய துண்டறிக்கைகள், தொழிற்சங்க மலர்கள், புகைப்படங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஓர் இணையதளத்தில் ஏற்றி வருகிறோம். அண்மையில் சர்வரை மாற்றியதும், பிறர் எங்கள் பக்கங்களுக்குக் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் செத்துவிட்டன. யூஆர்எல் என்ற இணைய முகவரி இருப்பிடத்தை மட்டும் சொல்வதால்தான் இந்தத் தொல்லை, யூஆர்என் என்ற நிலையான பெயர்முறைக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். மாறலாமா? முகவரியில் தமிழ் எழுத்துகளை வைக்கலாமா? சுருக்க இணைப்புகள் நல்லவையா?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கொஞ்ச காலமாக நானே மனத்துக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்த விஷயத்தை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. கரையானுக்குப் போக இருந்த துண்டறிக்கைகளை மீட்டெடுத்த உங்கள் கைகளைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. திட்டவும் தோன்றுகிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். 'ராயபுரம்' என்ற ஐந்தெழுத்தை முகவரியில் வைத்தால் உள்ளே அது 72 குறிகளாக நீளும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளின் கும்பலாகத் தெரியும். அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, தாராளமாக வையுங்கள். சுருக்க இணைப்பு வேண்டாம். அதைத் தரும் நிறுவனம் கடையை மூடுகிற அன்று உங்கள் இணைப்பும் மூடிக்கொள்ளும்.

இனி யூஆர்என். 1994 டிசம்பரில், இணையத்தின் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின், ஆர்எஃப்சி எனப்படும் இரண்டு ஆவணங்கள் அடுத்தடுத்த எண்களில் வெளிவந்தன. ஆர்எஃப்சி 1738, யூஆர்எல்லை எப்படி எழுத வேண்டும் என்று வகுத்தது. ஆர்எஃப்சி 1737, யூஆர்என் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது: ஒரு பெயர் இரண்டு பொருள்களுக்கு ஒருபோதும் வழங்கப்படக் கூடாது, பொருளே அழிந்த பின்னும் அந்தப் பெயர் வேறொன்றுக்குப் போகக் கூடாது. உன்னதமான விதிதான். ஆனால் ஒரு புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணை யூஆர்என் வடிவில் எழுதி பிரவுசரில் இட்டுப் பாருங்கள், புத்தகம் வந்து நிற்காது. அந்தப் பெயரை இருப்பிடமாக மாற்றித்தர எங்கோ ஒரு சேவை இயங்க வேண்டும்; அந்தச் சேவைக்கும் ஒரு சாதாரண இணைய முகவரி வேண்டும்; அதற்கு யாராவது பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986, யூஆர்எல், யூஆர்என் இரண்டையும் யூஆர்ஐ என்ற ஒரே குடைக்குள் வைத்து, ஒரே அடையாளம் பெயராகவும் இருக்கலாம், இருப்பிடமாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் நண்பர் காட்டும் வழியில் போனால் சுமை இடம் மாறுமே தவிர இறங்காது.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு எண் மாற்றியபோது எங்கள் வீடு 18இலிருந்து 43 ஆனது. அதில் எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. தெருமுனையில் இருந்த வேறொரு வீடு புதிய 18 ஆனதுதான் வினையாயிற்று. பழைய எண்ணை மட்டுமே அறிந்த என் அத்தை அனுப்பிய மணியார்டர் அந்த வீட்டுக்குப் போய், 'அப்படி இங்கே யாரும் இல்லை' என்ற பதிலோடு திரும்பிப் போனது. எண் இல்லாத வீடாக இருந்திருந்தால் தபால்காரர் நாலு பேரை விசாரித்திருப்பார். தவறான வீடு ஒன்று தயாராக இருந்ததால் விசாரிக்க வேண்டிய அவசியமே எழவில்லை. பிறகு அப்பா நீல பெயின்டில் 'ப.எண் 18, பு.எண் 43' என்று சுவரில் எழுதினார். ஒவ்வொரு முறை வெள்ளையடித்த பின்பும் அதை மறுபடி எழுதினார். நீங்கள் சர்வரை மாற்றியபோது செய்திருக்க வேண்டிய, பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் 301 திசைமாற்றம் அவ்வளவுதான். அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் உலகத் தரங்களின் மீது பழிபோடுகிறீர்கள்!

இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் டொமைன், அதாவது தளத்தின் பெயர். டொமைனை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் வாடகைக்குத்தான் எடுக்கிறோம். தவணை தவறி, அவகாசமும் கழிந்தால், அதே பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். அன்று உங்கள் துண்டறிக்கையைத் தேடி வரும் மாணவி ஏதோ ஒரு சூதாட்டப் பக்கத்தில் போய் நிற்பாள். பக்கம் இல்லை என்று சொல்லும் 404 அதைவிட ஆயிரம் மடங்கு நேர்மையானது. படிப்பகங்களின் டொமைன் பெரும்பாலும் ஒரு துடிப்பான இளைஞரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். அவர் வேலை கிடைத்து வெளிநாடு போவார். புதுப்பிக்கச் சொல்லும் அஞ்சல்கள் அவர் திறக்காத பெட்டியில் குவியும். மின்கட்டணத்தை மறக்காத நிர்வாகக் குழுவுக்கு இது மட்டும் ஏன் நினைவுக்கு வருவதில்லை?

நீங்கள் அனுப்பிய மாதிரி முகவரியையும் பார்த்தேன். அதில் 'நியூ' என்று ஒரு ஃபோல்டர். எத்தனை நாளைக்கு அது நியூ? கடைசியில் '.பிஎச்பி' என்று ஒரு வால். நாளை மென்பொருளை மாற்றினால் அதுவும் பொய். நடுவில் ஸ்கேன் செய்தவரின் பெயர் வேறு! முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதினார். ஆசிரியர் பெயர், பொருள் வகை, கோப்பின் வால், மென்பொருளின் அடையாளம் எல்லாவற்றையும் முகவரியிலிருந்து நீக்கச் சொன்னார். உருவான தேதி மாறாது, அது இருக்கலாம் என்றார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது வந்த துண்டறிக்கை உங்களிடம் இருந்தால், 1918 என்ற ஆண்டும் ஒரு வரிசை எண்ணும் போதும்.

முதலில் பழைய முகவரிகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் 301 போடுங்கள். டொமைனைப் படிப்பகத்தின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றி, முடிந்தால் பத்து ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, அந்த ரசீதையும் மற்ற கணக்குகளோடு சேர்த்து வையுங்கள். இந்த இரண்டும் முடிந்த பிறகு யூஆர்என் பற்றி எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்