ஆர்க்டிக் தரை அணில் நம் ஊர் அணிலைவிட எவ்வளவு பெரியது?

புதுச்சேரி பாரதி பூங்காவில், முன்னங்கால்கள் இரண்டாலும் கொட்டையைப் பிடித்துக்கொண்டு கொறிக்கும் முதுகில் மூன்று கோடுகள் கொண்ட அணில் ஏறத்தாழ 100 கிராம்தான் இருக்கும். நீங்கள் கேட்கும் ஆர்க்டிக் தரை அணிலோ, வாலையும் சேர்த்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமும் முக்கால் கிலோ அளவு எடையும் உடையது. ஆனால் அந்த எடையை மாறாத எண்ணாகக் கொள்ளக் கூடாது என்பதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். அலாஸ்காவிலும் வட கனடாவிலும் ஆண்டுக்கு ஏழெட்டு மாதங்கள் வளைக்குள் உறங்கிக் கிடக்க வேண்டியிருப்பதால், கோடை முடிவதற்குள் அது கொழுப்பைச் சேர்த்து நன்றாகப் பருத்துவிடுகிறது. உறக்கத்தில் அதன் உடல் வெப்பநிலை மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது அளந்து பதிவு செய்யப்பட்டிருப்பது வியப்புக்குரியது. ஆகவே எடையைப் படிக்கும்போது, அது எந்த மாதத்தில் எடுத்த எடை என்பதையும் பாருங்கள்.