ஏறுவதைவிட இறங்குவதற்கே காரைத் தயார் செய்யுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் பெருந்துறை. எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பெட்ரோல் கார் 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பள்ளி விடுமுறை விட்டதும் சித்திரையில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகிறோம். தை மாதம்தான் ஆயில் மாற்றினோம். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் வீட்டு போர்த் தண்ணீரை ஊற்றிக்கொள்வோம். இது போதுமா?

பதில்: போதாது. குறைவாக ஓடிய வண்டி என்பதால் நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள். ஆனால் பிரேக் ஆயிலும் டயர் ரப்பரும் ஓடிய தூரத்தால் மட்டுமின்றி, கழிந்த ஆண்டுகளாலும் கெடுபவை.

முதலில் பிரேக். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே உயர வேறுபாடு சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடும் பெட்டிகளோடும் 1,400 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் எஞ்சினும் காற்றும் தாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் வெப்பமாக இறங்குகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. அதிலேயே சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். குமிழ் அழுந்திக் கொடுப்பதால், நீங்கள் மிதிக்கும் விசை சக்கரத்தைச் சென்றடையாமல் பெடல் அடிவரை இறங்கிவிடும். பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் இருக்கும் சிறிய டப்பாவைப் பாருங்கள். புதிய ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். வரக்காப்பி நிறத்துக்கு வந்திருந்தால் நிச்சயமாக மாற்ற வேண்டும். நிறம் தெளிவாகவே இருந்தாலும், இரண்டு ஆண்டுகளாக மாற்றவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயில் மாற்றும்போது இதையும் மாற்றியிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரங்களைக் கழற்றி, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்பதையும் அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்து டயர். பட்டன் தேயாமல் இருப்பது நல்லதுதான் என்றாலும் அது பாதிச் செய்திதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1418 என்றால் 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. உங்கள் டயர்கள் காரோடு வந்தவையாக இருந்தால், பக்கவாட்டிலும் பட்டன் இடுக்குகளிலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் உள்ளனவா என்று வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அவற்றை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். எட்டு ஆண்டு டயர் என்றால், வெடிப்பே இல்லாவிட்டாலும் மாற்றுவதையே நான் சொல்வேன். கோடை என்பதால் காற்றைக் குறைத்து அடிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது, அது தவறு. காற்று குறைந்தால் டயர் அதிகமாக மடங்கி மடங்கி விரிந்து மேலும் சூடேறும். ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவையே, வண்டி குளிர்ந்திருக்கும் காலையில், ஸ்டெப்னி உட்பட அடியுங்கள்.

போர்த் தண்ணீரை இனி ஊற்றாதீர்கள். கொங்குப் பகுதியில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புச்செறிவு மிக்கது. பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். அதைவிட முக்கியம், இது மூடிய அமைப்பு; அடிக்கடி தண்ணீர் குறைகிறதென்றால் ஹோஸ், மூடி, வாட்டர் பம்ப் ஆகியவற்றில் ஏதோ ஒன்று கசிகிறது. கசிவைச் சரிசெய்து, உள்ளே கழுவி, கையேட்டில் சொன்ன கூலன்ட்டை நிரப்புங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

வைப்பர், விளக்குகள், ஹாரன் ஆகியவற்றைப் பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். ஊட்டிக்குச் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், காலை அதன்மேலேயே வைத்திருக்காதீர்கள். கருகல் வாசம் வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது கோணிவிடும்.

வேலைகளைப் பத்து நாள் முன்னதாகவே முடித்து, பக்கத்திலுள்ள சென்னிமலைக் கோயில் மலைப்பாதையில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். கீழே வந்ததும் சக்கரங்களைத் தொடாமல், ஒவ்வொன்றின் அருகிலும் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஆனால் முன்னிரண்டில் ஒன்று மட்டும் மற்றொன்றைவிட அனலடித்தால், அந்தப் பக்கத்து பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அதை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்த பிறகு ஊட்டிக்குக் கிளம்புங்கள்.