ரெட்வுட் காட்டில் ஆற்றோர நடை

கேள்வி: ஜூலை மாதம் குடும்பத்தோடு வடக்குக் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காடுகளுக்குச் செல்ல இருக்கிறோம். ஆற்றை ஒட்டி நடக்க ஏற்ற பாதை எது? பாதையை விட்டு இறங்கக் கூடாது என்கிறார்களே, நூறு மீட்டர் உயர மரத்தை நம் கால்கள் என்ன செய்துவிடும்?
– வாசகி, சான் ஹோசே

பதில்: செம்மரம் என்று எழுதினால் வேறொரு மரம் நினைவுக்கு வந்துவிடும் என்பதால், நானும் உங்களைப் போல ரெட்வுட் என்றே எழுதுகிறேன்.

என் தேர்வு, ஜெடிடயா ஸ்மித் மாநிலப் பூங்காவில் ஸ்மித் ஆற்றங்கரையில் உள்ள ஸ்டவுட் தோப்பும், அங்கிருந்து மில் ஓடையை ஒட்டிச் செல்லும் பாதையும்தான். தோப்பை மட்டும் சுற்றிவர அரை மணி நேரம் போதும். அங்கே தரையைக் கவனியுங்கள்: புதர் அதிகம் இராது, பெரணியும் புளியாரை இனச் செடியும் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும். அவ்வப்போது ஆறு பெருகி வண்டலைப் போட்டு மூடுவதால் புதர்கள் அடர்வதில்லை.

உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடையும் அந்த வண்டலில்தான் இருக்கிறது. ரெட்வுட்டுக்கு ஆணிவேர் கிடையாது. இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வேர்கள் பக்கவாட்டில் முப்பது மீட்டர் வரை ஓடி, அடுத்த மரத்தின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. வெள்ளம் புது வண்டலைக் கொண்டுவந்தால், அந்த அடுக்கிலும் மரம் புது வேர் விடுகிறது. ஆகவே நீங்கள் மிதிப்பது வெறும் மண்ணன்று, மரம் நீர் உறிஞ்சும் இடம். ஒருவர் மிதித்தால் ஒன்றும் ஆகாது, ஆயிரம் பேர் மிதித்தால் மண் இறுகிவிடும். உலகின் மிக உயரமான ஹைப்பரியன் மரத்தைச் சுற்றிப் பெரணிகூட முளைக்காத நிலை வந்ததால், 2022இல் அப்பகுதியையே மூடிவிட்டார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பாதையோர மரங்களைத் தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம்.

வெள்ளமே மரத்தைக் கொன்றதும் உண்டு. மேல்பகுதி மலைச்சரிவுகளில் மரங்களை வெட்டித் தள்ளியபின், 1955ஆம் ஆண்டின் வெள்ளம் ஹம்போல்ட் ரெட்வுட் மாநிலப் பூங்காவின் ‘புல்’ (Bull Creek) ஓடைக்கரையில் நூற்றுக்கணக்கான பெருமரங்களைச் சாய்த்தது. ரெட்வுட் ஓடையை ஒட்டி 1968இல் அமைந்த தேசியப் பூங்காவை, மேல்பகுதிச் சரிவுகளையும் சேர்த்து 1978இல் விரிவாக்கியதற்கு இத்தகைய அச்சமே காரணம். அந்த ஓடைக்கரையின் நெடுமரத் தோப்புக்கு (Tall Trees Grove) காரில் செல்ல இலவச அனுமதிச் சீட்டு வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஸ்மித் ஆற்றின் முகாம் பகுதியிலிருந்து ஸ்டவுட் தோப்புக்குச் செல்லும் நடைபாலத்தை, நீர் வடிந்த கோடையில் மட்டுமே போடுகிறார்கள். பாலம் இல்லாவிட்டால் ஹவ்லண்ட் ஹில் சாலை வழியாகச் சுற்றி வர வேண்டும்; அது குறுகலான மண்சாலை, பெரிய வண்டி வேண்டாம்.