மகள் டீச்சர் ஆகட்டுமா? நியூ ஜெர்சியில் சொத்து வரி கட்டும் பெற்றோருக்கு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், "கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம்ப்பா, ஸ்கூல் டீச்சராகப் போறேன்" என்கிறாள். எடிசன், பிஸ்கட்டவே பக்கத்துத் தமிழ் வீடுகளில் உடனே எழுவது இரண்டு கேள்விகள். அந்தச் சம்பளத்தில் இவள் எப்படிக் காலம் தள்ளுவாள்? ஆசிரியர்களுக்கு அள்ளிக் கொடுத்துத்தானே நம் வீட்டு வரி இப்படி ஏறுகிறது, நாளைக்கு ஊர் கொதித்தால் அந்தச் சம்பளத்தில் கை வைக்க மாட்டார்களா?

சம்பளம் குறைவு என்று ஒரு மூச்சிலும் அதிகம் என்று அடுத்த மூச்சிலும் சொல்கிறோம். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மாநிலச் சராசரியை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். நியூ ஜெர்சியில் ஏறத்தாழ 600 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனி பட்ஜெட், தனி ஒப்பந்தம், தனிச் சம்பளப் பட்டியல். பக்கத்து ஊருக்கும் உங்கள் ஊருக்கும் பத்து வருடத்தில் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

முதலில் சொத்து வரி பில்லை எடுங்கள். பள்ளி, நகராட்சி, கவுன்ட்டி என்று அதில் தனித்தனியே பிரித்துப் போட்டிருக்கும். 2024-இல் மாநிலத்தின் சராசரி வீட்டு வரி முதல் முறையாக 10,000 டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்குச் சற்று மேல் பள்ளிக்குப் போகிறது. ஆனால் பள்ளி மாவட்டம் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 2010-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி கையெழுத்திட்ட சட்டப்படி, மாவட்டம் வரியாக வசூலிக்கும் மொத்தத் தொகை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. மருத்துவக் காப்பீட்டுச் செலவு, மாணவர் எண்ணிக்கை போன்ற சிலவற்றுக்கு ஓர் அளவு வரை விலக்கு உண்டு. அதற்கும் மேலே வேண்டுமென்றால் வாக்காளர்களிடம் கேட்க வேண்டும். உங்கள் பில்லில் பள்ளிப் பங்கு 5,200 டாலர் என்றால் 2 சதவீதம் 104 டாலர். வரி அதைவிடப் பல மடங்கு எகிறியிருந்தால், ஊரில் வீட்டு மதிப்புகளின் மறுமதிப்பீடு நடந்ததா, மாநில உதவி குறைந்ததா என்று பாருங்கள். 2018-இல் வந்த சட்டத்தால் ஜெர்சி சிட்டி, டாம்ஸ் ரிவர் போன்ற இடங்களுக்கு மாநிலப் பணம் ஏழு ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்தது. அங்கே வந்த நெருக்கடிக்கு ஆசிரியர் சம்பளம் காரணமல்ல.

பலரும் கவனிக்காத விஷயம் இன்னொன்று உண்டு. ஆசிரியர் ஓய்வூதியத்தில் வேலை கொடுப்பவரின் பங்கு உங்கள் சொத்து வரியிலிருந்து போவதில்லை, அதை மாநில அரசு கட்டுகிறது. அந்த நிதி பலவீனமானதற்கு முக்கியக் காரணம், மாநிலம் பல ஆண்டுகள் தன் பங்கை முழுதாகக் கட்டாமல் விட்டதுதான். 1996-க்குப் பிறகு 2022 நிதியாண்டில்தான் முழுத் தொகையையும் கட்டத் தொடங்கினார்கள். உள்ளூர் வரி தாங்குவது சம்பளத்தையும் மருத்துவக் காப்பீட்டையும்.

இதில் இப்போது வலிக்கிற இடம் காப்பீடு. 2011-இல் வந்த சட்டம் ஆசிரியர்களைப் பிரீமியத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 35 சதவீதம், கட்டச் சொன்னது. 2020-இல் வந்த சட்டம் அதை மாற்றி, புதிய திட்டத்தில் ஆசிரியரின் பங்கைச் சம்பளத்தின் சதவீதமாக வைத்தது. தனி நபருக்கு 1.7 சதவீதத்தில் தொடங்கி, அதிகச் சம்பளக்காரர் குடும்பத்துக்கு எடுத்தால் 7.2 சதவீதம் வரை. மகளுக்கு இது நல்லது. ஆனால் பிரீமியம் ஏறும்போது அவள் பங்கு ஏறாது, ஏறிய பாரம் மாவட்டத்தின் தலையில் விழும். 2 சதவீதக் கூரைக்குக் கீழே காப்பீடு வீங்கினால், மாவட்டம் சுருக்கக்கூடியது சம்பள உயர்வும் பணியிடங்களும்தான். அவள் வேலையில் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு உண்மையான ஆபத்து இதில்தான் இருக்கிறது. இருப்பவர் சம்பளத்தைக் குறைப்பது அநேகமாக நடப்பதில்லை. உயர்வு மெலியும், கடைசியாகச் சேர்ந்தவரின் இடம் போகும்.

சம்பளத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் இருக்கும் சம்பளப் பட்டியலைத்தான் சேலரி கைடு என்பார்கள், அது கட்டம் போட்ட ஓர் அட்டவணை. மேலிருந்து கீழே அனுபவ ஸ்டெப்புகள் (பொதுவாக ஆண்டுக்கு ஒன்று), இடமிருந்து வலமாக இளங்கலை, இளங்கலையும் 30 கிரெடிட்டும், முதுகலை, முதுகலையும் 30 கிரெடிட்டும் என்று பட்டத்துக்கான பத்திகள். பெற்றோர் முதல் ஸ்டெப்பையும் கடைசி ஸ்டெப்பையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது நடுவில். உதாரணமாக, அ என்ற மாவட்டம் 60,000 டாலரில் தொடங்கி எட்டாம் ஸ்டெப்பில் 64,000 தருகிறது என்று வையுங்கள். ஆ மாவட்டம் 57,000-இல் தொடங்கினாலும் ஸ்டெப்புக்கு 2,000 ஏறி எட்டாம் ஸ்டெப்பில் 71,000 ஆகிறது. கைடு மாறாமல் இருந்தால், சீராக ஏறும் அந்த எட்டு ஆண்டுகளில் ஆ மாவட்டத்து ஆசிரியர் 16,000 டாலர் கூடுதலாக வாங்கியிருப்பார், தொடக்கச் சம்பளம் குறைவாக இருந்தும். அ மாவட்டம் அந்தப் பணத்தை எங்கே வைத்திருக்கிறது? பதினான்காம் ஸ்டெப்புக்கும் பதினைந்தாம் ஸ்டெப்புக்கும் நடுவில் ஒரே தாவலாக வைத்திருக்கும். இதை 'பபிள்' என்பார்கள். அந்தத் தாவலுக்கு முன்பே வேறு ஊருக்குப் போனால் அது கைக்கு வராது. அடுத்த ஒப்பந்தத்தில் அந்தத் தாவலையே இன்னும் இரண்டு ஸ்டெப் தள்ளி வைப்பதும் நடக்கிறது.

'ஆசிரியர்களுக்கு 3 சதவீத உயர்வு' என்று உள்ளூர்ச் செய்தியில் படித்தால், அது மொத்தச் சம்பளத் தொகையின் உயர்வு. ஸ்டெப் ஏறுவதற்கான செலவும் அதற்குள் அடக்கம். தட்டையான ஸ்டெப்பில் நிற்பவருக்கு அதில் சில நூறு டாலர்தான் வந்திருக்கும்.

இந்தக் கைடுகளைப் பார்க்க யாரிடமும் கெஞ்ச வேண்டாம். மாநிலத்தின் பொதுப்பணியாளர் உறவு ஆணையமான பெர்க், பள்ளி ஒப்பந்தங்களைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. மாவட்டத்தின் தளத்தில் 'யூசர் ஃப்ரெண்ட்லி பட்ஜெட்' என்ற பட்ஜெட் சுருக்கம் கிடைக்கும். கடைசி மூன்று ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்து, மாநில உதவி ஏறுகிறதா இறங்குகிறதா, சேமிப்பைக் கரைத்துத்தான் கணக்கை நேர்செய்கிறார்களா, மாணவர் எண்ணிக்கை சரிகிறதா என்று பாருங்கள். மூன்றும் மோசமாக இருக்கும் மாவட்டம் தொடக்கச் சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் புதியவருக்கு நல்ல இடமில்லை.

60,000 டாலர் சம்பளத்தில் பிடித்தம் எப்படி இருக்கும்? ஓய்வூதியத்துக்கு 7.5 சதவீதம், அதாவது 4,500. சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்த்து 7.65 சதவீதம், 4,590. தனி நபர் காப்பீட்டுக்கு ஏறத்தாழ 1,300 முதல் 1,500 வரை. யூனியன் சந்தா மாநில, தேசிய, உள்ளூர்ப் பங்குகள் சேர்ந்து ஆயிரத்துக்கு மேல். வருமான வரிக்கு முன்பே 11,000-க்கு மேல் போய்விடுகிறது. சம்பளம் பத்து மாதத்துக்குத்தான் வரும். கோடைக்குப் பணம் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் முதல் வருடமே சேரச் சொல்லுங்கள். ஜூலையில் வாடகைக்குத் திண்டாடும் புதிய ஆசிரியர்கள் நிறைய.

ஓய்வூதியம் பற்றித் தமிழ்ச் சங்க விழாவில் சந்திக்கும் மூத்த ஆசிரியர் சொல்வதை உங்கள் மகளுக்குப் பொருத்தாதீர்கள். சேர்ந்த தேதியை வைத்து ஓய்வூதிய விதிகளை அடுக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள், அவர் வேறு அடுக்கு. 2011 ஜூன் 28 முதல் சேர்ந்தவர்கள் ஐந்தாம் அடுக்கு. அதில் பணி ஆண்டுகளை 60-ஆல் வகுத்து, அதிகம் வாங்கிய ஐந்து ஆண்டுகளின் சராசரிச் சம்பளத்தால் பெருக்க வேண்டும். 30 ஆண்டு, சராசரி 95,000 என்றால் ஆண்டுக்கு 47,500. ஆனால் ஓய்வு வயது 65. 22 வயதில் சேர்ந்து 52-இல் 30 ஆண்டு முடித்து விலகினால், 65-க்குக் குறையும் ஒவ்வொரு மாதத்துக்கும் கால் சதவீதம் வெட்டு. பதின்மூன்று ஆண்டுக்கு 39 சதவீதம். 47,500 என்று நினைத்தது 29,000-க்குக் கீழே இறங்கிவிடும். பத்து ஆண்டு முடிக்காமல் விலகினால் ஓய்வூதியமே கிடையாது, தான் கட்டிய பணம் திரும்ப வரும். வாரத்துக்கு 32 மணி நேரத்துக்குக் குறைந்த வேலை இந்த நிதியில் சேராது. பகுதி நேரப் பணியை நிரந்தரமான வேலைக்கு முதல் படி என்று யாராவது சொன்னால் இந்த 32-ஐ நினைவில் வையுங்கள். ஆறுதலான செய்தி, கலிஃபோர்னியா, டெக்சாஸ் போல் இல்லாமல் நியூ ஜெர்சி ஆசிரியர்களுக்குச் சோஷியல் செக்யூரிட்டியும் உண்டு.

யூனியன் என்றால் நம்மவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். என்.ஜே.இ.ஏ. மாநிலத்தின் மிகப் பெரிய ஆசிரியர் சங்கம். நியூவர்க் போன்ற சில நகரங்களில் ஏ.எஃப்.டி. என்ற இன்னொரு தேசியச் சங்கத்தைச் சார்ந்த சங்கம். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஜானஸ் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, சேராதவரிடம் கட்டாயக் கட்டணம் வாங்க முடியாது. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கைடு ஒன்றுதான். இருந்தும் பணிப் பாதுகாப்பு கிடைக்கும் வரையிலான முதல் நான்கு ஆண்டுகளுக்குச் சேருவதே புத்திசாலித்தனம். ஒரு பெற்றோர் புகார் கொடுத்து, முதல்வர் அறைக்கு அழைப்பு வரும் நாளில் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். இங்கே ஆசிரியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2001-இல் மிடில்டவுனில் காப்பீட்டுப் பங்குக்காக வேலைநிறுத்தம் செய்தபோது 200-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சிறைக்குப் போனார்கள். இப்போது பேச்சு முறிந்தால் மத்தியஸ்தம், உண்மை கண்டறிதல் என்று போகும். அதுவரை பெரும்பாலும் பழைய ஸ்டெப்பிலேயே சம்பளம்.

டென்யூர் என்ற பணிப் பாதுகாப்பு கிடைக்க 2012 சட்டப்படி நான்கு ஆண்டுகள் ஆகும், மதிப்பீடும் நன்றாக இருக்க வேண்டும். அதற்கு முன் காரணம் பெரிதாகக் காட்டாமலே வேலையிலிருந்து அனுப்பிவிட முடியும். அடுத்த ஆண்டுக்கு அவள் வேண்டுமா வேண்டாமா என்பதை மாவட்டம் மே 15-க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆகவே மார்ச்சில் பட்ஜெட் சிக்கல் என்று காதில் விழுந்தால், மே வரை காத்திருக்காமல் வேறு மாவட்டங்களுக்கு விண்ணப்பம் போட வேண்டும்.

இதிலிருந்து தப்பிக்கும் வழி பாடத் தேர்வில் இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல், சிறப்புக் கல்வி, ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்களுக்கான இ.எஸ்.எல்., இவற்றுக்கு ஆள் தட்டுப்பாடு தொடர்ந்து இருக்கிறது. தொடக்கப்பள்ளிக்கும் சமூக அறிவியலுக்கும் ஒரு இடத்துக்குப் பலர் நிற்பார்கள். உங்கள் மகள் ஏற்கெனவே கணினி, கணிதப் பாடங்கள் எடுத்திருந்தால் அவற்றை வீசிவிடாமல் கணித ஆசிரியராகத் திரும்பலாம். சிறு குழந்தைகளோடுதான் இருக்க வேண்டும் என்றால், தொடக்கக் கல்வியோடு சிறப்புக் கல்விச் சான்றையும் சேர்த்து எடுக்கட்டும்.

கல்லூரியில் ஆசிரியர் பயிற்சித் திட்டத்திலேயே படித்து, பயிற்சிக் கற்பித்தலும் முடித்தால் கிடைப்பது சி.இ.ஏ.எஸ். என்ற தகுதிச் சான்று. வேறு பட்டம் முடித்துவிட்டு வந்தால் சி.இ. என்ற மாற்றுவழி. அதில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும், மொத்தம் 400 மணி நேரம். புதிய வேலையின் முதல் ஆண்டோடு அது சேர்ந்தால் பலர் மூச்சுத் திணறிப் போகிறார்கள். இரண்டாம் ஆண்டிலேயே இருக்கும் மகளுக்கு முதல் வழிதான் சரி. மதிப்பெண் சராசரி 3.0-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளட்டும். சான்றுக்கு எழுத வேண்டிய பிராக்சிஸ் என்ற பாடத் தேர்வைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளாமல் மூன்றாம் ஆண்டுக் கோடையில் எழுதினால், தவறினாலும் திரும்ப எழுத நேரம் இருக்கும்.

வேலை கிடைக்கும் முன் கடன் வாங்கி முதுகலை முடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வேலையில் சேர்ந்தபின் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியோடு படித்தால், பல மாவட்டங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தரும், அடுத்த பத்திக்கும் நகரலாம். அனுமதி வாங்காமல் படித்த கிரெடிட்டுக்குச் சம்பளம் ஏறாது. இளங்கலைக் கடன் இருந்தால், பொதுச்சேவைக் கடன் தள்ளுபடிக்கு 120 தவணைகள் கணக்கில் வர வேண்டும். ஏழை மாணவர் அதிகமுள்ள பள்ளியில் ஐந்து ஆண்டு கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி கற்பிப்பவருக்கு 17,500 டாலர் வரை தனித் தள்ளுபடி உண்டு. ஒரே ஐந்தாண்டை இரண்டு திட்டங்களுக்கும் காட்ட முடியாது என்பதால், கடன் தொகையைப் பார்த்து எது லாபம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, வேலைக் கடிதம் வரும்போது. எந்த ஸ்டெப், எந்தப் பத்தி என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய அனுபவத்துக்கு ஸ்டெப் கேட்க முடிந்த ஒரே நேரம் அதுதான், சேர்ந்தபின் யாரும் திருத்தித் தர மாட்டார்கள். வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் கற்பித்தது நேர்காணலில் பேச உதவும், ஸ்டெப் கணக்கில் வராது. மாற்று ஆசிரியராக இருந்ததைக் கணக்கில் எடுப்பார்களா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வேலையை விட்டு விலகப் பொதுவாக 60 நாள் முன்னறிவிப்பு விதி இருக்கும். ஆகஸ்டில் இன்னொரு மாவட்டம் கூடுதலாகத் தருகிறதென்று அதை மீறி ஓடினால், சான்றிதழை ஓராண்டு வரை நிறுத்தி வைக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே இரண்டு மாவட்டங்களின் கைடுகளையும் எட்டாம் ஸ்டெப் வரை கூட்டிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.