பிள்ளைகளுக்கு வாழ்க்கை வரலாறு எழுதுவது: மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஐயா, நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பற்றி எழுதுகிறேன். எங்கே தொடங்கலாம்? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

பிறந்தார், படித்தார், அமைச்சரானார் என்று மட்டும் தொடங்காதீர்கள் டீச்சர், இரண்டாவது பக்கத்திலேயே பிள்ளை கொட்டாவி விட்டுவிடும். தோட்டத் துண்டாடலில் தொடங்குங்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, பால்மரம் வெட்டியவர்களுக்கு, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்களுக்கு, வேலையும் போச்சு, லயத்து வீடும் போச்சு. அந்த நேரத்தில்தான், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று நம்ம ஊர்க்காரர் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். அந்த 10 வெள்ளி எத்தனை நாள் கூலி என்று பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அவர் வசதியான வீட்டுப் பிள்ளை என்பதையும் மறைக்க வேண்டாம். 1919இல் பிறந்தார் என்பது கடைசிப் பக்கத்தில் வந்தால் போதும்.

சுவைக்காக உரையாடல் சேர்க்கலாமா?

கூடாது. வாழ்ந்த மனிதர் வாயில் அவர் பேசாத வார்த்தையை வைப்பது பொய். கட்டாயம் வேண்டுமென்றால் அட்டையிலேயே ‘கதை’ என்று போட்டுவிடுங்கள்.

படம் வரைய யாரைப் பிடிப்பது?

பள்ளி ஓவிய ஆசிரியரைக் கேளுங்கள், அது என் துறை இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு யாரைச் சொல்லலாம் அண்ணே?

ஜானகி ஆதி நாகப்பன். 1943இல் நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. அந்தப் படையில் தோட்டத்துப் பெண்கள் நிறைய இருந்தார்கள், அவர்களையும் எழுதுங்கள். நேதாஜிக்கு நீங்களாக வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கொஞ்சமாக உரையாடல்?

மேலே சொன்ன பதிலையே மறுபடி படியுங்கள் தம்பி.

தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? தூக்குத் தண்டனை என்றால் பயந்துவிடாதா? (ஒரு அம்மா)

சொல்லலாம் அம்மா, சொல்லத்தான் வேண்டும். கயிற்றை வர்ணிக்க வேண்டாம், ஒரே வரி போதும்: 1949 மே 4, கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். எதற்காக என்று பிள்ளை கேட்கும். அதற்குத்தான் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

அவர் கம்யூனிஸ்ட். பள்ளி நூலகத்தில் வைக்கலாமா?

தொழிற்சங்கத் தலைவர், கம்யூனிஸ்டுகளோடு தொடர்பும் உண்டு. இரண்டையும் எழுதுங்கள். இன்னொன்றையும் எழுதுங்கள், நம்ம ஊர் விஷயம் அது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார், அதாவது வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசின் அவசரகாலச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்ற அந்தச் சட்டத்தில்தான் கணபதிக்குத் தண்டனை கிடைத்தது. துரைமாரை விட்டுவிட்டுக் கணபதியை மட்டும் சொன்னாலும் தப்பு, கணபதியை விட்டுவிட்டுத் துரைமாரை மட்டும் சொன்னாலும் தப்பு. இதுவரை நம் பிள்ளைகளுக்குக் கிடைத்ததெல்லாம் ஏதாவது ஒரு பாதிதான், எனக்கு அதில் கோபமே உண்டு.

அப்படியென்றால் ஜனங்கள் ஏன் தொழிற்சங்கத்தின் பின்னால் போனார்கள் என்று விளக்க வேண்டுமே, அது பத்து வயசுப் பிள்ளைக்குப் புரியுமா?

சைக்கிளைக் காட்டுங்கள், புரியும். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டார்கள், அதோடு துரையோ கிராணியோ (தோட்டக் கணக்கர்) எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள். தினமும் பள்ளிக்குச் சைக்கிள் மிதிக்கிற பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒரே ஒரு காட்சியில் மட்டும் கணபதி பேசுவது போல…

கூடாது, கூடாது, கூடாது. பழைய செய்தித்தாளில் அவர் பேச்சு கிடைத்தால் அதை அப்படியே போடுங்கள்.

எத்தனை பக்கம் இருக்கலாம்?

பெரிய எழுத்தில் 24 பக்கம். அதற்கு மேல் போனால் ஒரு சம்பவத்தை வெட்டுங்கள், எழுத்தைச் சின்னதாக்காதீர்கள்.